ஜப்பான் வாத்தியார் மேல் பதிந்த கல்யாணம்

வீடியோ கடைக்காரனுக்கு எந்தப் படம் யாருக்குப் பிடிக்கும் என்று தெரியும். எந்தப் படத்துக்குள் என்ன இருக்கிறது என்றுதான் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் என்னைப் போல் கேசட் கடை வைத்து அவதிப்பட்டவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் என்னைத் திட்டலாம், ஆட்சேபணை இல்லை.

அடிதடி இல்லாத ஜப்பான்

மேற்குத் தாம்பரத்தில் என் கடை. மொத்தமாக வாங்கிய பழைய கேசட்டுகளோடு ஒரு ஜப்பானியப் படம் வந்து சேர்ந்தது. அட்டையில் ஒரு வாத்தியார், சுற்றிலும் பனியில் பத்துப் பதினைந்து பிள்ளைகள். ஜப்பான் என்றால் கராத்தே என்று நானே முடிவுகட்டி, ஸ்டாண்டு ஆட்டோக்காரர் ஒருவருக்கு ஆகா ஓகோ என்று சிபாரிசு செய்தேன். மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நின்றார்.

"இன்னா சார், ஜப்பான் படம்னு குட்த்த. ஒர்த்தனும் ஒர்த்தன அடிக்கல. அந்த வாத்தியாரு கூட ஒரு பையன அடிக்கல சார்!"

கரண்ட் போன இடம்

அதே படத்தை ஸ்டெல்லா டீச்சர் தேடி எடுத்தார். இரும்புலியூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு டீச்சர். ஒரு சனிக்கிழமை டிவியையும் வீடியோ டெக்கையும் அங்கே கொண்டுபோய் மாட்டினேன். டீச்சர் பக்கத்திலேயே நின்று, கீழே ஓடிய ஆங்கில எழுத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' எல்லாம் கிடையாது. வரும் வழியில் பார்த்த ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் திங்கட்கிழமையே அதைப் பிடித்துக்கொண்டார்களாம். கதையில் ஒரு மீனவர் தன் மகளைப் படிப்பிலிருந்து நிறுத்தி மீன் காயவைக்க அனுப்புகிறார். வாத்தியார் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். அங்கே கரண்ட் போயிற்று. ஒரு மணி நேரம் காத்திருந்தும் வரவில்லை.

அந்த வகுப்பில் செல்வி என்று ஒரு பெண். அஞ்சாவதோடு நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். ஹாலோ பிளாக் கம்பெனியில் கூலி. செல்வி வீட்டில் பாதிக் கதையைச் சொல்லிச் சொல்லியே, பள்ளிக்கூடப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதரை மீதியைப் பார்க்க வரச் சம்மதிக்க வைத்துவிட்டாள். டீச்சர் கடைக்கே ஓடி வந்தார்.

"பரீட்சை முடிஞ்ச சனிக்கிழமை மீதியைப் போடணும் சார். செல்வியோட அப்பா வரேன்னுருக்கார். அதுவரைக்கும் கேசட்டை யாருக்கும் குடுத்துடாதீங்க."

ஒரு துண்டு செலோடேப்

யாருக்கும் கொடுக்கவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தேன்.

ஆவணி மாதம். கல்யாண வீடியோவும் நாங்களே எடுத்துக்கொண்டிருந்தோம். பெருங்களத்தூரில் நிலபுலன் உள்ள ஒருவர், தன் மகள் கல்யாணக் கேசட்டுக்கு இன்னொரு காப்பி கையோடு வேண்டும் என்று கடையில் உட்கார்ந்துவிட்டார். புதுக் கேசட் ஒன்றுகூட இல்லை. கேசட்டின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. ஆனால் அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியும். ஓடாத படங்களை நாங்கள் இப்படித்தான் அழிப்போம். டீச்சர் சொன்னது மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். நன்றாக நினைவிருந்தது. பர்மா பஜாரில் வேறு காப்பி வாங்கிவிடலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு, ஜப்பான் படத்தின் மேலேயே கல்யாணத்தைப் பதிந்தேன். அங்கே கிடைக்கவே இல்லை. நான் செலோடேப்பைக் கிழித்தபோதே பார்ட்னர் பாஸ்கர் சொன்னான்:

"மச்சான், அது டீச்சருது. வாணாம்டா."

பூஞ்சை

டீச்சரிடம், கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது என்றேன். மழைக்காலத்தில் அது நடப்பதுதான். நம்பிவிட்டார். நம்பியதுதான் எனக்கு உறுத்தியது.

மனசு கேட்காமல் அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். செல்வியின் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வகுப்பின் பின்னால் நின்றிருந்தார். டீச்சர், தான் முன்பே பார்த்துவைத்திருந்த மீதிக் கதையை வாயாலேயே சொல்லத் தொடங்கினார். செல்வி நொடிக்கொரு தரம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என்னைத் தாண்டி வெளியே போகும்போது சொன்னார்:

"படம் கீதுன்னுதான் வந்தேன் சார். கதைய வூட்லயே கேட்டுக்கலாம். அர நாள் வேலையாவது பாக்கறேன்."

மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு

அடுத்த ஆவணியில் பெருங்களத்தூர்க்காரர் தற்செயலாகக் கடைக்கு வந்து சிரித்தார். "கேசட்ல பொண்ணு மாப்ள வூட்டுக்குப் போனப்பறம் யாரோ ஜப்பான் பசங்க வராங்க சார். எங்க வூட்டு வாண்டுங்க அத்தத்தான் ஓட்டி ஓட்டிப் பாக்குதுங்க."

கல்யாணம் இரண்டு மணி நேரம். படம் அதைவிடப் பத்து நிமிடம் நீளம். அந்தக் கடைசிப் பத்து நிமிடம் அழியாமல் இருந்திருக்கிறது! வாங்கிவந்து போட்டேன். மீனவர் மகளின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வகுப்பு வாசலில் விடுகிறார். வாத்தியார் அவள் பெயரைக் கூப்பிடுகிறார். வழியில் பார்த்தது என்னவென்று அவள் சொல்கிறாள்: "அப்பா அழுததை." என் கண்ணும் கலங்கிவிட்டது. கேசட்டை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். டீச்சர் கேசட்டை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"அன்னிக்கே நிஜத்தைச் சொல்லியிருந்தா, கல்யாண வீட்டுக்கே போய் அந்தக் கேசட்டைக் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்திருப்பேன் சார். செல்வி இப்போ சேலையூர்ல ஒரு வீட்ல பாத்திரம் தேய்க்குது."

கேசட்டை அழித்ததற்கு டீச்சர் என்னை மன்னித்துவிட்டார். அந்தப் பூஞ்சைக்குத்தான் இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை, கேட்கிற முகமும் எனக்கில்லை.