கேமராவுக்கு மட்டும் தெரியும் பச்சை

பச்சையாக உள்ளே போகும்; நம் கண்ணுக்கு ஒளிரவே ஒளிராது; கேமராவுக்கு மட்டும் முகம் காட்டும். அது என்ன? மின்மினி என்று சொன்னவர்கள் உட்காருங்கள். அறுவைச் சிகிச்சை அறையில் நாங்கள் கலக்கும் சாயம் அது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பட்டால் திரையில் பளபளவென்று எரியும். இதைக் கையிலும் காலணியிலும் கொட்டிக்கொண்டு விழித்த சக தாதியரே, இது உங்களுக்காக.

முதல் டோல்

சுங்கை பெசாரிலிருந்து மல்லிகா வந்தார். மார்பில் புற்றுநோய்க் கட்டி. அக்குள்வரை பரவிவிட்டதா என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. "கட்டிக்குப் பக்கத்தில் சாயம் போடுவோம். அது ஓடிப்போய் அக்குளில் முதலில் எந்த நிணநீர் முடிச்சில் நிற்கிறதோ, அதை எடுத்துச் சோதிப்போம். அதில் நோய் இல்லையென்றால் பெரும்பாலும் தாண்டிப் போயிருக்காது" என்று விளக்கினேன்.

"அம்மா பளபளன்னு எரியற படம் எனக்கு வேணும்" என்று அவருடைய ஏழு வயது மகள் யாழினி அடம்பிடித்தாள். "அதான் கம்போங் குவாந்தான்ல படகேறி மின்மினி காட்டறேன்னு சொல்லியிருக்கேன்ல?" என்றார் மல்லிகா. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி, நாள்தோறும் சுங்கச்சாவடிகளைத் தாண்டும் அவர் கணவர் சேகர் வேறு யோசனையில் இருந்தார்; தாதியான என்னைப் பார்த்துக் கேட்டார்.

"முதல் டோல்ல ஆளைக் காணோம்னா, ஹைவேயில ஏறவே இல்லன்னு அர்த்தம். அப்படித்தானே மிஸ்ஸி?"

கத்திரிக்கோல்

சாயத்தை ஊசியில் ஏற்றும்போது ஒரு சொட்டு என் கையுறையில் பட்டதை நான் கவனிக்கவில்லை. அதே கையால் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். விளக்குகளை அணைத்துக் கேமராவைத் திருப்பினால் திரையில் பஞ்சு எரிகிறது, துணி எரிகிறது, டாக்டரின் கட்டைவிரல் எரிகிறது. எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் உண்மையான முடிச்சு, பட்டாணி அளவில், தனியாக மின்னியது. அதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், என் கத்திரிக்கோலுக்கும் பரவிடுச்சா?"

புளி

வீட்டுக்குப் போன மல்லிகா போன் செய்தார். ஊசி போட்ட இடத்தில் பச்சைக் கறை போகவில்லையாம். சில வாரங்களில் தானாக மறையும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். யார் கேட்டார்கள்? புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். நல்லவேளை, தையல் பக்கம் கை போகவில்லை.

"குத்துவிளக்கெல்லாம் பளிச்சுன்னு ஆயிடுச்சு மிஸ்ஸி, நான் மட்டும் பச்சையாவே இருக்கேன் லா!"

படம்

சோதனை முடிவு வந்த அன்று மூவரும் வந்தார்கள். மல்லிகா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முடிச்சில் நோய் இல்லை என்றார் டாக்டர். சேகருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "முதல் டோல்ல யாரும் இல்லை" என்றேன். அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரையில் முடிச்சு மின்னிய படத்தை மல்லிகாவின் சம்மதத்தோடு அச்செடுத்து யாழினியிடம் நீட்டினேன். சேகருக்கு அதற்குள் குறும்பு திரும்பிவிட்டது. "படமா, மின்மினிப் படகா? ரெண்டுல ஒண்ணுதான்" என்றார். அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு நடுவே ஒரு பச்சைப் புள்ளி.

"இதுல அம்மா மூஞ்சியே இல்ல."

யாழினி படகைத் தேர்ந்தெடுத்தாள்.