மூன்று செண்பகங்கள்

இறந்துபோன குழந்தையின் பெயரை இன்னொரு குழந்தைக்கு வைக்கலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

மலேசியாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாடு வளர்த்துக் குடும்பம் நடத்தியவர் என் பூட்டி, அதாவது அம்மாவின் பாட்டி. அவர் வைத்திருந்த காகிதங்களில் 'செண்பகம்' என்றொரு பிறப்புப் பத்திரம் கிடைத்தது. பெயர் பிடித்துப்போய், யாரையும் கேட்காமல் என் மகளுக்குப் பதிந்துவிட்டேன்.

சென்ற மாதம் ஈப்போவில் பெரியம்மா மூன்று இறப்புப் பத்திரங்களைக் காட்டினார். மூன்றும் பூட்டியின் கைக்குழந்தைகள். மூன்றிலும் செண்பகம்.

"ஒரு செண்பகம் போனா அடுத்ததுக்கும் அதே பேரு லா. நாலாவதா எங்கம்மா பொறந்தப்பதான் பயந்துபோய்க் குப்பம்மான்னு வச்சாங்க. படிச்ச பொண்ணு, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

மடியிலிருந்த மகள் தன் பெயரைக் கேட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறேன்.

பூட்டி அத்தனை ஆசைப்பட்ட பெயர் இவளோடாவது வளரட்டும் என்று விடவா, மாற்றிவிடவா? பிள்ளை பெற்றவர்கள் சொல்லுங்கள்.