பச்சை பொமேட்

அன்று இருந்தவர்கள் மூன்று பேர்: முடிவெட்டும் முத்து அண்ணன், அப்பா, பதினைந்து வயதில் நான். இன்று சிங்கப்பூரின் தெம்பனிஸில் ஒரு கடையில் மகள் திறந்து நீட்டிய, தலைமுடிக்குத் தடவும் பச்சை பொமேட்டின் வாசனை, சிராங்கூன் சாலைக்குப் பின்னால் கடைகளின் முன்னே ஓடிய அஞ்சடி நடைபாதைக்கு என்னை இழுத்துப்போனது. அங்கே சுவரில் ஒரு கண்ணாடி, கிரீச்சிடும் ஒரே நாற்காலி, ஈரத்துண்டின் நெடி, ஆள் இல்லாதபோதும் காற்றை வெட்டிக்கொண்டிருக்கும் கத்தரிக்கோல். இப்போது அந்த இடத்தில் கைப்பேசிக் கடை.

அன்று அடையாள அட்டைக்குப் படம் எடுக்கவேண்டும். பள்ளியை விட்டுவிட்டவன், வேலை கேட்டுப் போகுமிடமெல்லாம் அந்தப் படத்தைத்தானே நீட்டவேண்டும் என்று எனக்குப் பயம். என் முடியோ எப்படி வாரினாலும் படியாது.

"தேங்காய் எண்ணெய் போதும்பா," என்றார் அப்பா.

"எண்ணெய் வழிஞ்சா படத்துல திருடன் மாதிரி இருப்பான்ணே. இது கொஞ்சம் போதும் லா," என்று பச்சை பொமேட்டைத் தொட்டெடுத்தார் முத்து அண்ணன்.

"படம் எடுக்கிற வரைக்கும் நிக்குமாண்ணே?" இதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"நீ தலையைத் தொடாம இருந்தா நிக்கும்."

நின்றது. அந்த அட்டையைக் காட்டித்தான் கப்பல் பட்டறையில் சேர்ந்தேன்.

இப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது, அட்டையை மாற்றவேண்டும், மறுபடியும் படம்.

"பளபளன்னு இருந்தா மண்டைதான் தெரியும். பளபளக்காத இந்த மேட் கிளே எடுங்கப்பா," என்று இன்னொரு டப்பாவைக் காட்டினாள் மகள்.

"படம் எடுக்கிற வரைக்கும் நிக்குமாம்மா?"

"நிக்கிறதுக்கு முடி வேணும்லப்பா."

கிளேயையே எடுத்துக்கொண்டேன். பொமேட்டை இன்னொரு முறை முகர்ந்துவிட்டு மூடி வைத்தேன்.