ரெண்டு பக்கமும் ஓட்டை போட்ட பேப்பர்

நூல் மில்லில் எஞ்சினீயர் வேலை என்றால், மிஷின் ஓடுகிறவரை உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது; நின்றுவிட்டால் மட்டும் ஊரே தேடும். என்னைப் போல ஸ்பானரோடு மாரடித்த சகபாவிகளே, எண்பதுகளில் சங்கரன்கோவிலில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கதவோரம்

திங்கட்கிழமை காலையில் முதலாளி அறையில் மீட்டிங். மானேஜர், பருத்தி ஏஜென்ட், முதலாளியின் மச்சினர் என்று எல்லாருக்கும் நாற்காலி உண்டு. எஞ்சினீயருக்கு மட்டும் கதவோரம்.

பஞ்சைப் பிரித்துத் தூசி தட்டுகிற புளோ ரூமில் ஒயரெல்லாம் தோலுரிந்து கிடந்தது. ஒரு பொறி விழுந்தால் போதும், உள்ளே வேலை செய்கிற ஆறு பேர் கதி அதோகதி. மூன்று வருஷமாக இதைத்தான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருநாள் நான் முடிப்பதற்குள் முதலாளி கையைக் காட்டினார். "ஒயரு கெடக்கட்டும்வே. எங்க வீட்டு மிக்ஸி நேத்துலேருந்து சுத்த மாட்டேங்கு. போற வழியில அதைப் பாத்துட்டுப் போரும்."

பதவி உயர்வு

கோயம்புத்தூரில் யாரோ வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு முதலாளியும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கு ஏ.சி. ரூம் போட்டார்கள். அதை மேய்க்க ஆள் வேண்டுமே என்று என்னை டெக்னிக்கல் மானேஜர் ஆக்கினார்கள். நாற்காலி கிடைத்தது! பருத்தி விலை எப்போது இறங்கும், மச்சினர் மகளுக்கு ஜாதகம் பொருந்துமா என்று எல்லாவற்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இதுதான் சமயம் என்று ஒயர் பேச்சை எடுத்தேன். மானேஜர் பதறிப்போனார். "கம்ப்யூட்டர் மானேஜருக்கு ஒயரு சோலி எதுக்குவே? அதை எஞ்சினீயரு பாத்துக்கிடுவாரு."

அந்த எஞ்சினீயரும் நான்தான். வேறு ஆள் போடவே இல்லை.

ஆயுத பூஜை

நான் வருவதற்குள் மானேஜர் பூஜையை முடித்துவிட்டார். கீ போர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஃபிளாப்பி செருகுகிற வாயில் ஒரு பிடி விபூதி. மூடிய ஏ.சி. ரூமுக்குள் சாம்பிராணி வேறு! மறுநாள் சுவிட்சைப் போட்டால், கம்ப்யூட்டர் மூச்சே விடவில்லை. ரிப்பேர்க்காரர் மெட்ராஸிலிருந்து வர ஒரு மாசம் ஆகுமாம். முதலாளியிடம் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை. மானேஜர் கண் கலங்கி என்னைக் கேட்டார். "ஒண்ணு விடாமத்தானவே பொட்டு வச்சேன்? எதையும் விட்டுட்டனோ?"

மாரிச்சாமி

அந்த வாரமே புளோ ரூமில் பொறி விழுந்தது. நல்லவேளை, ஈரச் சாக்கால் அடித்தே அணைத்துவிட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் மாரிச்சாமி கருகின சட்டையோடு வந்து நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. "எனக்கு ரெண்டு பொம்பளப்புள்ளைய சார். ஒயரை மாத்த மாட்டாகன்னா இப்பமே சொல்லிருங்க. நான் புளியங்குடிக்குப் போயி எலுமிச்சங்கா மூட்டை தூக்கிப் பொழச்சிக்கிடுதேன்."

ரிப்போர்ட்

கம்ப்யூட்டர் செத்தாலும் அது அச்சடிக்கிற பேப்பர் கட்டு உயிரோடு இருந்தது. ரெண்டு ஓரமும் வரிசையாக ஓட்டை போட்ட நீளப் பேப்பர். அதில் ரெண்டு தாளைக் கிழித்து ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மாவிடம் கொடுத்தேன். மூன்று வருஷமாகக் கத்தினதையே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், சாதாரண டைப்ரைட்டரில் அடித்துத் தந்தார்.

திங்கட்கிழமை அதை முதலாளி முன்னால் வைத்தேன், வாயே திறக்கவில்லை. அவர் ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். படித்தார். முகம் வெளிறியது. அங்கேயே கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே புது ஒயர் வந்துவிட்டது. மாரிச்சாமியும் புளியங்குடிக்குப் போகவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட பேனாவை மூடியபடி முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "மிஷினு வந்து ரெண்டு மாசத்துல கண்டுபிடிச்சிட்டு. மூணு வருசமா இங்கன நிக்கீரே, ஒருநாளாவது வாயைத் தொறந்து சொன்னீராவே?"

தனக்குத் தெரிந்ததை மிஷின் சொன்னதாக நம்பவைக்கத் தெரிந்தவருக்குத்தான் டெக்னிக்கல் மானேஜர் என்று பெயர் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.