பாதைகளை வரைந்து வைத்த நோட்டு

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சின்ன வயதில் மாதா கோயிலில் பூசை முடியும்வரை நான் எழுந்து ஓடாமலிருக்க, அம்மா என் பாவாடை நுனியைத் தன் முழங்காலுக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொள்வாள். நல்லம்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. ஆசிரியர் பயிற்சி முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் முதல் வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, காட்டுக்குள் நான்கு மைல் நடந்தால் வரும் ஊர் அது. மலைச்சரிவில் அறுபது வீடுகள். ஊருக்கு மேலே இடிந்த கோட்டைச் சுவர் ஒன்று, யார் கட்டியது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கீழே, பள்ளத்தாக்கின் அடியில், வெயில் விழும் நேரத்தில் மட்டும் காவிரி தெரியும்.

பள்ளி நான்கு மணிக்கு முடிந்துவிடும். இருட்ட இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கும். அந்த இரண்டரை மணி நேரத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நடந்தேன். கோட்டைச் சுவரை ஒட்டி ஏறும் பாதை, சுனைக்குப் போகும் பாதை, ஆட்டுத் தடம், ஆற்றுக்கு இறங்கும் பாதை என்று ஒவ்வொரு நாளும் ஒன்று. ஆற்றுப் பாதையில் மட்டும் பாதிக்கு மேல் போனதில்லை, அதற்குள் வெளிச்சம் போய்விடும். வழி தவறாமலிருக்க நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பாதைகளை வரைந்து வைத்தேன். எந்த மரத்தில் திரும்ப வேண்டும், எந்தப் பாறையில் வழுக்கும் என்று பக்கத்திலேயே குறிப்பு. போகப்போக, மனதில் பட்டதையும் அங்கேயே கிறுக்கினேன்.

நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்து ஆறு வருடமாகியிருந்தது. பன்னிரண்டு ஆடுகளும் ஒரு ஏக்கர் கேழ்வரகுக் காடும் வைத்துக்கொண்டு தனியாகப் பிழைத்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

“ஆடு மேய்க்கறவ நானே நாலு மணிக்கு வூடு வந்து சேர்றேன். நீங்க எங்கீங்க டீச்சர் கெளம்பறீங்க?” என்பார்.

“சும்மாதான் அக்கா.”

“சும்மாவா? ஆனை எறங்கற காடுங்க இது.”

ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஊரே கோட்டைச் சுவருக்குக் கீழே நின்றது. நானும் ஓடினேன். கத்தியும் வில்லும் ஏந்திய வீரன் செதுக்கிய பழைய கல் ஒன்று அங்கே இருந்தது. வேடியப்பன் என்று சொல்லி வருடத்துக்கு ஒரு முறை கிடா வெட்டிக் கும்பிடும் கல். அதைப் புரட்டித் தள்ளிவிட்டு, அது நின்ற இடத்தில் இடுப்பளவு குழி தோண்டியிருந்தார்கள்.

“யாருங்க இப்படிப் பண்ணது?” என்று கேட்டேன். எல்லாரும் காட்டு மண் ஒட்டிய என் செருப்பைப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் நாற்பது பிள்ளைகளில் ஒன்பது பேர் வந்தார்கள். குழாயடியில் நான் குடத்தை வைத்ததும் பேச்சு நின்றது. சாயங்காலம் அக்காவே சொன்னார்.

“டீச்சர், ஊருல ஒரு பேச்சு ஓடுதுங்க. நீங்க தெனமும் காட்டச் சுத்தறது பொதையலுக்குத்தான்னு. நோட்டுல படம் போட்டு வெச்சிருக்கறீங்களாம்.”

அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். போயிருந்தால் பேச்சு உண்மையாகியிருக்கும்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் பிள்ளையார் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நான் நின்றேன்.

அக்காதான் முதலில் பேசினார். “சனி, ஞாயிறு டீச்சர் ஊருலயே இல்லீங்க. நானே ரோடு வரைக்கும் போயி பஸ் ஏத்திவுட்டேன்.”

“படத்தப் போட்டு யாருகிட்டயாவது குடுத்துட்டுப் போயிருக்கலாமே,” என்றார் ஓர் இளைஞர். “அவங்க வேதக்காரங்க. சாமிக் கல்லுன்னா அவங்களுக்கு என்ன?”

ஊர்க்கவுண்டர் அவரைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். “நோட்ட எடுத்தாந்து நீங்களே படிச்சுடுங்க டீச்சர். எல்லாரும் கேட்டுக்கட்டும்.”

பள்ளியில் பாடம் படிக்கும் குரலில்தான் ஆரம்பித்தேன். “கோட்டைப் பாதை. உசில மரத்தில் இடப்பக்கம். இங்கே முள் ஏறியது. சுனைப் பாதை. புளியமரத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர்.”

“அந்தப் பக்கம் இல்லீங்க, இந்தப் பக்கம்,” என்றார் ஒருவர்.

“நீ எந்தச் சொனையச் சொல்ற? அது மாட்டுச் சொனை,” என்றார் இன்னொருவர். சுனை எங்கே இருக்கிறது என்று ஐந்து நிமிடம் சண்டை நடந்தது. ஊர்க்கவுண்டர் அதட்டினார். நான் பக்கத்தைத் திருப்பினேன். வேடியப்பன் கல் வந்தது.

“வேடியப்பன் கல். பத்து நிமிடம் நின்றேன். இவன் எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறான் என்று தெரியவில்லை.”

பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். “ஓடலீங்க டீச்சர். அவரு நிக்கறாரு.”

சிலர் சிரித்தார்கள். கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் மூடிவிடப் பார்த்தேன். இளைஞர் விடவில்லை. படித்தேன்.

“ஆற்றுப் பாதை. வெள்ளைப் பாறை வரை. திரும்ப மனமில்லை. இருட்டிவிடும் என்றுதான் திரும்பினேன். எங்காவது போய்விட வேண்டும்.”

“எங்கீங்க போவணும்?” என்று கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

“தெரியலீங்க,” என்றேன். கண்ணில் நீர் முட்டியது. அத்தனை பேர் முன்னால் அதைவிட வெட்கப்பட்ட நாள் எனக்கு இல்லை.

ஊர்க்கவுண்டர் எழுந்தார். “இதுல பொதையலும் இல்ல, ஒண்ணும் இல்ல. புள்ளைங்கள நாளையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. டீச்சர், நீங்களும் இனிமே தனியாப் போவாதீங்க. திருடன் வந்து போன காடு.”

பழி நீங்கியது, கால் கட்டுப்பட்டது. அடுத்த இரண்டு வாரம் என் அறைக்குள்ளேயே நடந்தேன். சுவருக்குச் சுவர் ஆறு தப்படி. சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். இதற்கிடையில் பக்கத்து மலையூரிலும் ஒரு கல்லைத் தோண்டியிருப்பதாகவும், வேனில் வந்த வெளியூர் ஆட்கள் என்றும் சேதி வந்தது. அவர்கள் கடைசிவரை பிடிபடவில்லை. எங்கள் ஊரார் கல்லை நிமிர்த்தி நட்டார்கள். அன்று என்னையும் கூப்பிட்டு முதல் வரிசையில் நிற்க வைத்தார்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அக்கா களி உருண்டைகளைத் துணியில் கட்டிக்கொண்டு வந்தார். “ஆடுங்களப் பக்கத்து வூட்டுல ஒப்படைச்சுட்டேன். கெளம்புங்க, ஆத்துக்குப் போலாம். கட்டிப்போட்ட குட்டி மாதிரி முட்டிக்கிட்டே இருக்கறீங்க, பாக்க முடியல.”

வெள்ளைப் பாறையைத் தாண்டி இறங்கினோம். எனக்குத் தெரியாத பாதி. அக்கா ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. “இந்தப் பாதை எப்படித் தெரியும்?” என்றேன்.

“இதுலதாங்க கல்யாணமாகி வந்தேன். அக்கரையிலதான் அண்ணனுங்க வூடு. எங்க வூட்டுக்காரரு செத்தப்போ அங்கியே வந்துரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் வரமாட்டேன்னுட்டேன். அதோட பேச்சு இல்ல.”

கரையில் ஒரு பரிசல் நின்றது. பரிசல்காரர் கன்னடத்தில் கேட்டார், “பர்தீரா?” வருகிறீர்களா என்று. அக்கா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். “இவத்து பேடா,” என்றார், இன்றைக்கு வேண்டாம் என்று. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கியே குந்தியிருக்கறேன்,” என்றார்.

போனேன். பரிசல் சுழன்று சுழன்று நகர்ந்தது. அக்கரையில் இறங்கியதும் நெஞ்சு அடங்கும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை. அங்கேயும் ஒரு ஒற்றையடிப் பாதை மேலே ஏறியது. நூறு அடி ஏறினேன். திரும்பிப் பார்த்தால், அக்கா நீர்மருத மரத்தடியில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு முறைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. அதற்குமேல் ஏற எனக்குக் கால் வரவில்லை.

நான் வந்ததும் கேட்டார், “யாரையாச்சும் பாத்தீங்களா?”

“யாரும் இல்லக்கா. ஆள் நடக்கிற பாதையாத்தான் இருக்கு.”

“நடப்பாங்க, நடப்பாங்க,” என்றவர், களியைப் பிட்டு என் கையில் வைத்தார். ஏறும்போது என்னைவிட வேகமாக நடந்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அடுத்த வருடம் எனக்கு மாற்றல் வந்தது. அழுதேன், ஆனாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கிளம்பினேன். எனக்குப் பிறகு வந்த ஆசிரியர் கையால் அக்கா ஒரு கடிதம் எழுதியனுப்பினார். பெரிய அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அக்கரை போனாராம். யாரும் பழசைப் பேசவில்லையாம். மூன்று நாள் இருந்துவிட்டு, அண்ணன் கொடுத்த இரண்டு ஆடுகளைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். நடு ஆற்றில் ஒன்று குதிக்கப் பார்த்ததாம்.

மதிய இடைவேளையில் அதைப் படித்தேன். மணி அடித்தும் வகுப்புக்குப் போகாமல், வெயிலில் பள்ளி மைதானத்தை நான்கு சுற்றுச் சுற்றினேன்.