சின்னக் கண்ணாடியே போதும் என்றேன்

நான் விழுந்தது நெல்லின் மேல். அதனால் அடி குறைவு, திட்டு அதிகம்.

தை மாதம், அறுவடைக் காலம். நெல்லில் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். காயப்போடக் களம் போதாது. அதனால் நீடாமங்கலத்திலிருந்து கூத்தாநல்லூர்ப் பக்கம் போகிற எங்கள் ஆற்றங்கரைச் சாலையில் இடது பாதி முழுக்க நெல் கிடக்கும். நெல்லுக்குக் காவலாக வரிசையாகக் கருங்கல், கல்லுக்கு நடுவில் முள் கிளை. நான் பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். சைக்கிளில்தான் போவேன். அன்று காலை நெல்லுக்காக வலது பாதிக்கு விலகி, கல் வரிசையை ஒட்டியே போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த மினி பஸ் ஹாரனும் அடிக்காமல், வேகமும் குறைக்காமல் என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. நான் கல்லைத் தாண்டி நெல்லில் போய் விழுந்தேன்.

நெல்லுக்குச் சொந்தக்காரர் ஓடி வந்தார். தூக்கிவிடத்தான் வருகிறார் என்று கையை நீட்டினேன். அவர் கையைப் பார்க்கவில்லை, நெல்லைத்தான் பார்த்தார்.

"ஏம்மா, ரத்தம் நெல்லுல படுதுல்ல? கையக் கொஞ்சம் அந்தாண்ட எடுங்க."

வீட்டுக்கு வந்து கட்டுப் போட்டுக்கொண்டபோது என் கணவர் அதைவிட அழகாக ஒன்று சொன்னார். "போதும். சைக்கிளக் குடுத்துடலாம். நானே தினம் வண்டில கொண்டுபோய் விட்டுடறேன்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் அவர் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். சாலை எப்படி இருக்கும் என்பதே சைக்கிள் வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும். காலையில் அந்த முக்கால் மணி நேரம் மட்டும்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம். அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. விடிய விடியச் சண்டை போட்டோம் என்று சொல்ல முடியாது, பத்து நிமிஷம்தான். முடிவில் ஓர் ஒப்பந்தம்: நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டலாம். இன்னொரு தடவை விழுந்தால் சைக்கிள் போய்விடும்.

சைக்கிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருவாரூர்ப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு வடநாட்டுப் பெண்ணிடம் வாங்கியது. ரேஸ் சைக்கிள். ஹேண்டில் ஆட்டுக்கடாவின் கொம்பு போலக் கீழே வளைந்திருக்கும், சுற்றிலும் நாடா. அதைப் பிடித்துக் குனிந்து ஓட்டினால் எங்கள் ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்பார்கள்: "என்ன டீச்சர், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" முதல் வாரம் சிரித்தேன். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

இந்தக் கொம்பில்தான் கண்ணாடி மாட்ட வேண்டும். கடைத்தெருவில் சைக்கிள் கடைக்காரர் பைக் கண்ணாடி ஒன்றை இங்கே வைத்துப் பார்த்தார், அங்கே வைத்துப் பார்த்தார். எங்கும் நிற்கவில்லை. நேராக இருக்கிற கம்பியில்தான் அது பிடிக்கும்.

"இதுல எடமே இல்லைங்க டீச்சர். பேசாம ஹேண்டில மாத்திடலாம். லேடீஸ் ஹேண்டில் போட்டா அம்சமா இருக்கும்."

அம்சமாக இருப்பதற்காக நான் சைக்கிள் ஓட்டவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து போனில் ஆர்டர் போட்டேன். முதலில் வந்தது இடது பக்கத்துக்கென்றே செய்த கண்ணாடி. அதைச் செய்கிறவர்கள் நாட்டில் சாலையின் வலது பக்கம் போவார்களாம். மாட்டிப் பார்த்தேன். காய்கிற நெல்லும் அதைக் கொத்துகிற காக்காயும் அற்புதமாகத் தெரிந்தன. பஸ் மட்டும் தெரியவில்லை. திருப்பி அனுப்பினேன். இரண்டாவது, ஹெல்மெட்டில் ஒட்டுகிற கண்ணாடி. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் தொங்கும். நான் தலையை ஆட்டும்போதெல்லாம் அதில் என் காதுதான் தெரிந்தது. ஸ்டாஃப் ரூமில் அதைப் பார்த்துவிட்டு, பல் டாக்டரிடமிருந்து நேராக வருகிறீர்களா என்று கேட்டார்கள். அதையும் கழற்றி எறிந்தேன்.

கடைசியாக, கொம்பின் நுனியில் இருக்கிற மூடியை எடுத்துவிட்டு அந்த ஓட்டைக்குள் சொருகி இறுக்குகிற வகை. வலது பக்கத்துக்கே உரியது. அதில் இரண்டு அளவு. ஒன்று உள்ளங்கை அகலம். இன்னொன்று மருந்து பாட்டில் மூடி அளவு.

என் கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பெருச வாங்கு. பின்னாடி வர்றது யாருன்னு தெரியணும்ல?"

பெரியதைத்தான் வாங்குவதாக இருந்தேன். அவர் சொன்னதால் சின்னதை வாங்கினேன். பெரியது முழங்காலில் இடிக்கும், ஆட்டோவின் காது போல நீட்டிக்கொண்டிருக்கும் என்று காரணமும் சொன்னேன். உண்மையான காரணம் அவர் சொன்னதுதான்.

மாட்டிய நாளிலிருந்து பஸ் அடங்கிவிட்டது. அதே மினி பஸ், அதே ஓட்டுநர். நெல் தொடங்கும் மதகுக்குப் பக்கத்தில் பின்னால் ஹாரன் கேட்கும், ஆனால் நெருங்காது. நெல் முடிந்து சாலை அகலமானதும்தான் என்னைத் தாண்டிப் போகும். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறாள் என்று தெரிந்தால்தான் இவர்களுக்குப் பயம் வரும், எல்லாம் கண்ணாடி செய்கிற வேலை என்று ஸ்டாஃப் ரூமில் தினமும் அளந்தேன். வீட்டிலும் அளந்தேன். அவர் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு தொல்லை. கண்ணாடியில் தினமும் ஒரு விளக்கு. இப்போதெல்லாம் பைக்கில் பகலிலும் முன்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தச் சின்னக் கண்ணாடியில் வண்டியோ ஆளோ தெரியாது, வெள்ளையாக ஒரு புள்ளி மட்டும் தெரியும். நான் வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாக வரும். நான் நிதானித்தால் அதுவும் நிதானிக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் சட்டென்று நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். டீக்கடை வாசலில் நாலைந்து பைக்குகள் நின்றன. எது என்று தெரியவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னேன்: "எவனோ ஒருத்தன் தினமும் என் பின்னாடியே வர்றான்."

"என்ன வண்டி?"

"வெளக்குதான் தெரியுது. வண்டி தெரியல."

"அதான் பெருசா வாங்குன்னேன்."

"போலீஸ்ல சொல்லலாமா?"

"பாப்போம். ரெண்டு நாள் போகட்டும்."

பெண்டாட்டி பின்னால் எவனோ வருகிறான் என்கிறேன், இந்த மனுஷன் தோசையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த தோசையைக் கருக்கி அவர் தட்டிலேயே போட்டேன். துணி துவைக்கும்போது அவர் பேண்ட்டில் நெல் சுணை ஒட்டியிருந்து என் கை அரித்தது. தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவருக்குச் சுணை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கணக்கு டீச்சர்.

மாசி பிறந்து ஒரு வாரத்தில் அவருக்குக் காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். இரண்டு தடவை அவர் படுக்கையிலிருந்து எழுந்து, "இன்னிக்கு லீவு போடேன்" என்றார். மாட்டேன் என்றேன். கண்ணாடியில் அன்று விளக்கு இல்லை. விட்டது சனியன் என்று நினைத்தேன்.

மதகைத் தாண்டியதும் ஹாரன். கண்ணாடியைப் பார்த்தேன். பஸ் தூரத்தில் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. குவிந்த கண்ணாடியில் எல்லாம் தூரமாகத்தான் தெரியும், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்கள். அடுத்த தடவை நிமிர்வதற்குள் பஸ் என் தோளுக்குப் பக்கத்தில். நான் வழக்கம்போலக் கல்லை ஒட்டி ஒதுங்கினேன், அது அந்த இடைவெளியில் நுழைந்தது. இரண்டு கல்லுக்கு நடுவில் சைக்கிளைச் செருகி, ஒரு காலை நெல்லில் ஊன்றி எப்படியோ நின்றேன். விழவில்லை.

பஸ் கொஞ்சம் மெதுவானது. கண்டக்டர் படியில் தொங்கியபடி தலையை நீட்டினார்.

"டீச்சர், சார் இன்னிக்கு வரலையா?"

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள். பஸ்ஸுக்குத் தெரிந்திருந்தது, சாலைக்குத் தெரிந்திருந்தது. சைக்கிளில் கண்ணாடி மாட்டியிருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை.

சாயங்காலம் வந்து கட்டிலருகில் நின்றேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எத்தன நாளா?"

அவர் எதை என்று கேட்கவில்லை. "நீ அந்தச் சின்னக் கண்ணாடிய மாட்டின நாள்லேர்ந்து. நெல்லு கெடக்கற எடத்துல மட்டும் நடு ரோட்டுல போவேன். பஸ்ஸு தாண்ட முடியாது. ஹாரன் அடிச்சுக்கிட்டே வருவான்."

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"கண்ணாடியாலதான்னு அவ்வளவு சந்தோஷமா சொல்லிக்கிட்டிருந்தே. எப்படிச் சொல்றது?"

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பின்னால் வந்ததைக்கூட மன்னித்திருப்பேன். நான் அளந்ததையெல்லாம், பொய் என்று தெரிந்தே, முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் என்மேல் காட்டிய பிரியத்திலேயே பெரியது இதுதான் என்றும் தெரிந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. இனிமேல் என் பின்னால் வந்தால் நான் சைக்கிளை ஆற்றில் தள்ளிவிடுவேன் என்றேன். காய்ச்சலோடு தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை அவர் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், ஜன்னல் மட்டும் தெரிந்தது.

மதகு வந்தது. நெல் வந்தது. நான் கல்லை ஒட்டவில்லை. மிச்சமிருந்த பாதிச் சாலையின் நட்டநடுவுக்குப் போனேன். பயமில்லை என்று பொய் சொல்ல விரும்பவில்லை. பின்னால் ஹாரன். கண்ணாடியில் பஸ் சின்னதாக இருந்தது. உண்மையில் அது பக்கத்தில் வந்துவிட்டது என்று எனக்கு இப்போது தெரியும். வலது கையை நீட்டி, உள்ளங்கையைப் பின்னால் காட்டினேன். பிரேக் கிறீச்சிட்டது. ஹாரன் நிற்கவேயில்லை, நானும் விலகவில்லை. நடக்கிற வேகத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது பஸ்.

கண்டக்டர் படியில் இறங்கித் தொங்கிக்கொண்டு கத்தினார். "டீச்சர், சார் இன்னிக்கும் வரலையா?"

"இனிமே வர மாட்டாரு," என்றேன். "நெல்லு முடியற வரைக்கும் நீங்க வாங்க என் பின்னாடி."