முழங்கால் தண்ணீரில் முங்க முடியாது

தூத்துக்குடியில் வீடு கட்டி முப்பத்தொரு வருடம் ஆகிறது. கடல் இரண்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் என் மனைவி கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. அவள் பிறந்தது கடலை விட்டுத் தள்ளியிருக்கும் நாசரேத் ஊரில். திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது கடலில் முங்கிவிடுகிறார்கள். எங்களைப் போன்ற கிறிஸ்தவச் சபைக் குடும்பங்களுக்கு அதற்கு ஒரு சந்தர்ப்பமே வருவதில்லை. போன காணும் பொங்கலுக்கு முதல் நாள் அவள் சொல்லிவிட்டாள்: "எனக்கு அறுபத்தெட்டு ஆகுது. ஒரே ஒரு தடவ தல நனைய கடல்ல முங்கணும்."

மறுநாள் மகள் காரில் முயல் தீவுக்குக் கூட்டிப் போனாள். பெயர்தான் தீவு, துறைமுகத்தை ஒட்டிச் சாலையிலேயே போய்விடலாம். அலை குறைவு என்பதால் குடும்பங்கள் அங்கேதான் குளிக்க வருகின்றன. நாங்கள் பாய் விரித்த இடத்திலிருந்து எண்ணியதில் இருபத்துமூன்று குடும்பங்கள், ஏழு ரப்பர் டியூப். ஆபத்துக்கு எறிய ஒரு கயிறுகூட யாரும் கொண்டுவரவில்லை.

மகள் சாமான்களோடு கரையில் இருந்தாள். நான் முதலில் குடையோடு இறங்கி ஆழம் பார்த்தேன். அறுபத்திரண்டு எட்டு வைத்தும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. குடையை அங்கேயே மணலில் குத்தி, "இதுதான் எல்லை" என்றேன்.

மனைவி வந்து குனிந்து பார்த்தாள். தலை தண்ணீரை எட்டவில்லை. உட்கார்ந்தாள். சேலைக்குள் காற்று புகுந்து பந்தாய் உப்பியது. தண்ணீர் மார்போடு நின்றுவிட்டது.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தன் தங்கையைக் கூப்பிட்டாள். "ஏளா, இங்கன பாரு. அக்கா தொட்டியில குளிக்க மாதிரி உக்காந்திருக்காவ!" பிறகு என்னிடம், "அண்ணாச்சி, முழங்கால் தண்ணியில வாத்துகூட முங்காது. இடுப்பளவுக்கு விடுங்க. நாங்க ரெண்டு பேரும் பிடிச்சுக்கிடுதோம்" என்றாள்.

வேண்டாம் என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன: முட்டிவலி, ரத்த அழுத்தம், சேலை. முதலாவதைச் சொல்லி முடிப்பதற்குள் மூவரும் குடையைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

இடுப்பளவில் நின்றார்கள். மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். தலை வெளியே வரும்வரை எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று. அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே நின்றார்கள். ஆறு வரை பொறுத்தேன். ஏழில், பேண்ட் பையில் செல்போனோடு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது அவள் கொண்டை அவிழ்ந்து, முகத்தை வழித்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்துக்கு இப்படி ஓடி வாரிய?"

"பதினொண்ணு வரைக்கும் எண்ணிட்டேன்."

"உள்ள ஒரு சத்தமும் இல்ல. எனக்கு எந்திரிக்கவே மனசில்ல."

கரையிலிருந்து மகள், "எப்பா, போன்! போன்!" என்று கத்தினாள். எடுத்துப் பார்த்தேன். திரை கறுத்துவிட்டது.

மனைவி அதை வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். "அதுவே முங்கிட்டுல்லா, நீங்களும் முங்குங்க" என்று என் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். உப்புத் தண்ணீர் மூக்கு வழியாக உச்சிக்கு ஏறியது.

"எப்படி இருக்கு?"

"மூக்கு எரியுது."

"பிடிக்காம முங்கினா எரியத்தான் செய்யும். வாங்க, இன்னொரு தடவ."

விடமாட்டாள் என்று தெரிந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.